காத்தாடி மேல போட்ட கேஸு

நான் போட்ட வீடியோவை டெலிட் பண்ணிட்டேன்டி முபஷ்ஷிரா. பண்ணியும் போகல. எவனோ டவுன்லோட் பண்ணி வேற ஒரு பேஜ்ல போட்டு வெச்சிருக்கான். அதுல லைக்கு ஏறிக்கிட்டே இருக்கு.

உன் போனு ஹாஸ்டல் வார்டன் பீரோவுல இருக்கும், தெரியும். ஞாயித்துக்கெழமை தான் குடுப்பாங்க. நாளைக்கு வெள்ளிக்கெழமை. நீ இதைப் படிக்கறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருக்கும். இருந்தாலும் வேற யாரு கிட்ட சொல்றது? அம்மா பக்கத்துல தான் படுத்திருக்காங்க, வாய்ஸ் அனுப்ப முடியாது. போர்வைக்குள்ள டைப் பண்றேன்.

நீ சத்துவாச்சாரி ஹாஸ்டலுக்குப் போனப்பறம் நம்ம 'வெட்டிக் கோர்ட்டு' பேஜை நான் மூடல. முன்ன நீ ஜட்ஜு, நான் வக்கீலு. இப்ப ஜட்ஜும் நானே, வக்கீலும் நானே, சாட்சி சொல்ற காக்காவும் நானே. மூஞ்சி காட்ட மாட்டேன், கையும் கொரலும் தான். கொரலையும் ஆப்புல மாத்திடுவேன். அம்மா வேலைக்குப் போனதும் கதவை சாத்திக்கிட்டு 'அப்ஜெக்ஷன் மை லார்ட்'னு கத்திட்டு, எழுந்து அந்தப் பக்கம் போய் ஒக்காந்து எனக்கு நானே 'உக்காரும்மா'ன்னு சொல்லணும். பேஜாரு புடிச்ச வேலை. சிரிப்பு வர்ற எடத்துல நீ கெக்கெக்கேன்னு சிரிச்சி டேக்கை கெடுப்பே இல்ல, அது இல்லாம வீடியோ சீக்கிரமா முடிஞ்சிடுது.

போன வாரம் காத்தாடி கேஸு போட்டேன். நம்ம நாட்டு சட்டத்துல காத்தாடியும் ஆகாய விமானம் தான்னு எழுதி வெச்சிருக்காங்கடி, நெஜமாவே. பலூனும் தான். அதனால லைசென்ஸ் இல்லாம ஆம்பூர் மொட்டை மாடில பறந்த ஒரு காத்தாடியை கூண்டுல ஏத்திட்டேன். கூண்டுன்னா, கவுத்துப் போட்ட ப்ளாஸ்டிக் ஸ்டூலு. துணி க்ளிப்பு போட்டு நிக்க வெச்சேன்.

"பைலட் எங்கய்யா?"

"பைலட்டுக்கு நாளைக்கு கணக்கு பரீட்சை, அய்யா."

"பயணிங்க எத்தினி பேரு?"

"ஒரு எறும்பு அய்யா. டிக்கெட் இல்லாம ஏறிடுச்சி."

"அப்ப எறும்பையும் கூண்டுல ஏத்து!"

தீர்ப்புக்கு சப்பாத்திக் கட்டையால டொக்கு டொக்குன்னு அடிச்சேன். ஒருத்தரு 'இந்தியாவுல எந்த ஜட்ஜும் சுத்தியால அடிக்கறதில்ல, அதெல்லாம் சினிமாவுல'ன்னு கமெண்ட்டு போட்டாரு. 'அது சுத்தி இல்ல, சப்பாத்திக் கட்டை'ன்னு அவரு கூட சண்டைக்கு ஒரு கும்பலே வந்துச்சி. அந்த சண்டையில தான் வீடியோ எங்கெங்கயோ போயிடுச்சி.

எல்லாம் அந்த வாலால வந்தது. காத்தாடியோட வாலு.

எங்க அம்மா ஷூவை கையால தைக்கறவங்க இல்ல? நூலை இழுத்து இழுத்து வெரலு அறுத்துடும்னு கட்டைவெரல்ல ஒரு தோல் துண்டை சுத்திக்குவாங்க. அங்க எல்லாரும் அப்படித் தான், கீழ கெடக்கற வேஸ்ட்டுல எது கெடைக்குதோ அது. சில நாளு சுத்துனதையே மறந்து அப்படியே கம்பெனி பஸ்ஸு ஏறி வந்துடுவாங்க. நம்ம ஊர்ல யாரு வீட்ல தோல் துண்டு இல்ல? சூடு சட்டி எறக்க, கதவு அடிச்சிக்காம இருக்க, எல்லாத்துக்கும் அது தானே. ஜன்னல்ல ஒன்னு கெடந்துச்சி. மயில் கழுத்து கலரு, மேல மீன் செதில் மாதிரி அச்சு. அழகா இருக்குன்னு வாலா கட்டி வுட்டேன்.

அம்மா இந்த மாசம் சாம்பிள் செக்ஷன்ல இருக்காங்கன்றதை நான் யோசிக்கவே இல்லடி.

அடுத்த வருஷம் வெளிநாட்டு கடையில வரப்போற ஷூவை இப்ப அங்க தைக்கறாங்க. அந்தக் கலரு, அந்த அச்சு, ஒன்னும் வெளிய தெரியக் கூடாது. உள்ள போறப்ப போனை வாங்கி வெச்சிக்குவாங்க. வர்றப்ப பையை ஒதறிப் பாப்பாங்க. வெரலை யாரும் பாக்கறதில்ல.

இன்னிக்கு சாயந்திரம் அம்மா வந்ததும் வராததுமா சொன்னாங்க, "சாம்பிள் தோலை எவளோ வெளிய கொண்டாந்துட்டாளாம்டி. சூப்பர்வைசர் துரைசாமி எல்லாரையும் கூப்ட்டு வீடியோ காட்டுனாரு. காத்தாடிக்கு வாலாம்! எங்களுக்கு சிரிப்பு வருது, சிரிக்கவும் முடியல."

"யாருன்னு தெரிஞ்சிதாமா?"

"மோகனாவை தான் சொல்றாங்க. அவ பையன் எப்பப் பாத்தாலும் போனும் கையுமா ரீல்ஸு எடுக்கறான் இல்ல. நாளைக்கு ஆபீஸ் ரூமுல அவளை விசாரிக்கறாங்க. வேலைய வுட்டு நிறுத்திடுவாங்கன்னு பேச்சு."

"அவங்க எடுத்திருக்க மாட்டாங்கன்னு நீ சொல்லேன்."

"சொன்னா, 'அப்ப யாரு, நீயா செண்பகம்'னு கேப்பாங்க. எங்களையும் ஒவ்வொருத்தரா உள்ள கூப்புடத் தான் போறாங்க. பேசாம துன்னு."

எங்க துன்றது. மோகனாக்கா அம்மா கூட தைக்கறவங்க, அம்மாவுக்கு டைபாய்டு வந்தப்ப தெனமும் எங்களுக்கும் சேத்து சோத்துக்கு ஒலை வெச்சவங்க.

நான் தான்னு சொன்னா அம்மா வேலை போயிடும். அப்பா போனதுல இருந்து இந்த வீட்டுக்கு அந்த ஒரு வேலை தான். சொல்லலன்னா மோகனாக்கா வேலை போயிடும். எனக்கு காத்தாடி சட்டம் தெரியும். மண்ணுக்குள்ள பத்து ரூபாக்கு மேல பொதையல் கெடச்சா கலெக்டருக்கு சொல்லணும்ன்ற சட்டமும் தெரியும். இதுக்கு இன்னா சட்டம்னு தேடிப் பாத்தேன், பெரிய பெரிய வார்த்தையா வருது. வெரல்ல மறந்து வந்துட்டதுக்குன்னு ஒரு பிரிவும் இல்ல. சினிமான்னா கடைசி நிமிஷத்துல ஒருத்தரு கதவைத் தள்ளிக்கிட்டு சாட்சியோட ஓடி வருவாரு. இங்க அப்படி ஓடியாந்தா கேட்டுலயே வாட்ச்மேன் ஐடி கார்டு கேப்பாரு.

லைட்டை அணைச்சப்பறம் அம்மா மெதுவா கேட்டாங்க, "நந்தினி, ஜன்னல்ல ஒரு துண்டு வெச்சிருந்தேனே, பாத்தியா?"

நான் தூங்கற மாதிரி மூச்சு வுட்டேன்.

அவங்க எழுந்து போய் ஜன்னலைத் தடவுனாங்க. அப்பறம் அலமாரியை தொறந்தாங்க. உள்ள தான் காத்தாடி இருக்கு, வாலோட. காத்தாடி பேப்பரு சரசரன்னுச்சி. அலமாரியை சத்தம் வராம சாத்திட்டு வந்து, போர்வையை என் கால் வரைக்கும் இழுத்து வுட்டுட்டு படுத்துட்டாங்க. திட்டல. திட்டியிருந்தா எழுந்து கட்டிப் புடிச்சிக்கிட்டு அழுதிருப்பேன்.

அவங்க இன்னும் தூங்கல. மூச்சுலயே தெரியுது. நாளைக்கு அந்த ரூமுல 'நான் தான்'னு சொல்லுவாங்களா, இல்ல எனக்காக வாயை மூடிக்கிட்டு மோகனாக்காவை வுட்டுடுவாங்களா? ரெண்டுல எது நடக்கணும்னுடி நான் சாமிய வேண்டிக்கறது?