வலைக்கிடங்கில் இருவர்

அந்த வாரம் முழுக்கக் கடல் மூடுபனி துறைமுகத்துக்குள் வந்து படுத்துக்கொண்டது. ஸ்காட்லாந்துக் கரையில் இது புதிதல்ல. மீன் ஆலையின் விளக்குகள் மட்டும் தண்ணீருக்கடியில் எரிவதுபோல மங்கலாய் ஆடின.

எஃபி அங்கே நெடுங்காலமாக மீன் சீவுகிறவள். புற்றுநோய் வந்து ஒரு மார்பை எடுத்த பிறகு, பெண்கள் உடைமாற்றும் அறையில்தான் தயங்காமல் சட்டையைக் கழற்றினாள். அங்கே ஒருத்தியும் ‘உச்’ கொட்டவில்லை. ஆனால் லோர்ணா வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து எஃபியின் விரல்கள் பொத்தானிலேயே நின்றுவிட்டன. லோர்ணா திருநங்கை. சுவரைப் பார்த்தபடி மாற்றிக்கொண்டு போய்விடுவாள். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் எஃபிக்கு உடம்பு கூசியது.

“என்னடி, கோட்டோடயே மீன் சீவப் போறியா?” என்றாள் பக்கத்து மேசை டாட்.

எஃபி துணியை அள்ளிக்கொண்டு பின்பக்க வலைக்கிடங்குக்குப் போனாள். உடைந்த சன்னல் வழியே பனி உள்ளே வந்திருந்தது. தொங்கிய வலை எது, பனி எது என்று தெரியவில்லை. சட்டையைப் பாதி கழற்றியபோது வலைகளுக்குப் பின்னால் யாரோ இருமினார்கள்.

லோர்ணா. காலணியைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு நின்றிருந்தாள்.

“நீ இங்க எதுக்கு வந்தே?”

“நான் இருந்தா நீங்க பட்டனைப் பிடிச்சுக்கிட்டே நிக்கிறீங்க. அதான் இன்னைக்கு இங்க வந்துட்டேன்.”

“அடக் கடவுளே! நானும் உனக்காகத்தான்...” எஃபி நிறுத்தினாள். “இல்ல, பொய் எதுக்கு? எனக்காகத்தான் வந்தேன். உன்மேல தப்பில்ல. ஆனா என்னால முடியல.”

“அந்த ரூம்ல என் பேர் போட்ட லாக்கர் இருக்கு,” என்றாள் லோர்ணா. “தினமும் அதைத் திறக்கவே சீக்கிரம் வருவேன்.”

இருவருக்கும் குளிரில் பல் கிட்டியது. லோர்ணா திரும்பி நின்றாள், எஃபி மாற்றினாள். பிறகு எஃபி திரும்பி நின்றாள்.

மறுநாள் இருவரும் சேர்ந்தே மேலாளரிடம் போனார்கள். அவர் நெற்றியைத் தேய்த்து, வக்கீலைக் கேட்கவேண்டும் என்றார். கடைசியில் தாழ்ப்பாள் வைத்த தனித்தனி அறைகள் எல்லோருக்கும் வந்தன. டாட்டுக்கு அது போதவில்லை; லோர்ணா அந்தப் பக்கமே வரக்கூடாது என்றாள். லோர்ணாவுக்கோ பொது அறையின் பழைய கலகலப்பு போய்விட்ட வருத்தம். எஃபி தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, வெகுநாள் கழித்துக் கண்ணை மூடி, அவசரமில்லாமல் சட்டையைக் கழற்றினாள்.