பிழியாத பச்சிலை

"தள்ளிக்கோ அண்ணி. வெறைக்கிறதுக்குள்ள கட்டிடணும்" என்று முத்துசாமி பழைய வேட்டியின் கரையை நீளமாகக் கிழித்தான். அவன் அண்ணன் கோதண்டராமன் கூடத்துப் பாயில் கிடந்தார். கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்ட வேண்டியதுதான் பாக்கி.

அம்சா நகரவில்லை. புருஷனின் வலது கட்டைவிரலில் ஏற்கெனவே ஒரு கட்டு இருந்தது.

நேற்று சாயங்காலம் சவுக்குத் தோப்பில் மண்வெட்டி பட்ட காயம். வேலியோரம் பறித்த வெட்டுக்காயப் பூண்டை எடுத்துக்கொண்டு வந்து அவளிடம் நீட்டினார். முப்பது வருஷமாக அவருக்கு ஒரு கீறல் என்றாலும் அவள்தான் அந்த இலையைக் கசக்கிச் சாறு பிழிவாள். "எரியுது, ஊது" என்று காலை வெடுக்கென்று இழுத்துக்கொள்வார். ஆள் ஆறடி, பச்சிலைச் சாற்றுக்கு மட்டும் அப்படி ஒரு பயம். அவளும் சிரித்துக்கொண்டே ஊதுவாள்.

நேற்று அவள் அதைக் கையில் வாங்கவில்லை. மூன்று நாளாக நெஞ்சை அடைக்கிறது என்றவர், செய்யூர் ஆஸ்பத்திரிக்காவது போகச் சொன்னால் கேட்கவில்லை. வாயு என்று சுக்குக் கஷாயத்தைக் குடித்துவிட்டுத் தோப்புக்குப் போய்க்கொண்டிருந்தார். அவளுக்கு ஆத்திரம்.

"டாக்டரு வேணாம், தழையே போதும்னுகினு கீறே இல்ல? நீயே கசக்கிக்கோ."

அவரிடம் அவள் கடைசியாகப் பேசியது அதுதான். காலையில் காபியோடு எழுப்பப் போனபோது உடம்பு சில்லிட்டிருந்தது.

அம்சா கட்டை அவிழ்த்தாள். உள்ளே இலைகள் கசங்காமல், பறித்தபடியே முழுசாக வாடிக் கிடந்தன. ஒரு சொட்டுச் சாறுகூடக் காயத்தில் இறங்கவில்லை. ஒரு வெட்டுக்காயத்துக்கு மருந்து போடத் தெரியாத மனுஷன். எழுந்து வேலிப்பக்கம் நடந்தாள்.

"எங்கடி போற? தலைமாட்டுல வந்து குந்து" என்றாள் பக்கத்து வீட்டு வச்சலா.

அம்சா கைநிறையத் தழையோடு திரும்பி வந்து, கால்மாட்டில் உட்கார்ந்து கசக்கத் தொடங்கினாள்.

"இனிமே இன்னாத்துக்கு அண்ணி அது?" என்றான் முத்துசாமி.

"நீ சும்மா இரு. நேத்தே கேட்டாரு."

சாறு வெட்டுக்குள் பச்சையாக இறங்கியது. கால் அசையாமல் இருந்தது. அம்சா குனிந்து, விரலுக்கு மெல்ல ஊதினாள்.

முத்துசாமி கிழித்த துணியோடு காத்திருந்தான்.