பெயர் வெட்டிய பெட்டி

பித்தளை அண்டாவுக்கும் குத்துவிளக்குக்கும் நடுவில் எங்கள் சர்வர் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தபோதே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். சிநேகிதன் முத்தப்பன் சொல்வான் என்று நின்றேன். அவன் வீடு, அவன் பங்காளிகள். கோட்டையூர் வீட்டின் சாமான்களைப் பாகம் பிரிக்க எல்லோரும் வளவு முற்றத்தில் கூடியிருந்தார்கள். நான் பெட்டி தூக்க ஒத்தாசைக்கு வந்தவன், அவ்வளவுதான்.

அது தொண்ணூற்றொன்பது. அவன் வீட்டுப் பின்சுவருக்கு அப்பால் என் வாடகை வீடு. ஆளுக்கொரு கம்ப்யூட்டர், நடுவில் கேபிள் இழுத்து விளையாடினோம். யாருடைய மெஷினில் ஆட்டத்தை ஓட்டினாலும் அந்த மெஷின்காரனே ஜெயித்தான்; மற்றவனுடைய ஆள் திரையில் ஓரடி வைப்பதற்குள் செத்துக் கிடப்பான். தினமும் சண்டை. அதனால்தான் ஆட்டத்தை நடத்துவதற்கென்றே மூன்றாவதாக ஒரு பொது மெஷின், அதாவது சர்வர், பாதிக்குப் பாதி போட்டு வாங்கி அவன் வீட்டில் வைப்பது என்று முடிவு செய்தோம். அவன் தன் அப்பாவிடம், அவர்கள் பேச்சில் அப்பச்சியிடம், ஏதோ சொல்லிப் பணம் வாங்கினான். நான் மொபெட்டை விற்றேன். காரைக்குடிக்கு வேலைக்கு டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனேன், அதில் எனக்குப் பெருமை வேறு. மானிட்டருக்குக் காசில்லை. என்னுடையதைத் தூக்கிப்போய் மாட்டி, சாஃப்ட்வேர் எல்லாம் ஏற்றி முடித்துக் கழற்றிக்கொண்டு வருவதற்குள் நான்கு ஞாயிறு சர்ச் பூசை போயிற்று. அம்மா திட்டினாள்.

பெயர் வெட்டச் சொன்னது முத்தப்பன். அந்த வீட்டில் அண்டா முதல் கரண்டி வரை வீட்டு எழுத்து வெட்டியிருக்கும். "நல்லது கெட்டதுன்னா நூறு பேரு வருவாக சகாயம். எழுத்து இருந்தா ஒருத்தரும் தொட மாட்டாக." பெட்டியின் மூடியைக் கழற்றிப் பாத்திரக் கடைக்குக் கொண்டுபோய், என் கைக்காசைக் கொடுத்து வெட்டி வாங்கினேன். 'பெ.மு.', அந்த வீட்டு எழுத்தேதான். என் கழுத்துக்கு நானே கயிறு திரித்துக் கொடுத்திருக்கிறேன், மடையன்.

சென்னையிலிருந்து வந்த அவன் அப்பாவின் அண்ணன், பெரியப்பச்சி, பெட்டியைத் தட்டிப் பார்த்தார். டிவி மாதிரி ஒன்று கூடவே இருந்திருந்தால் கம்ப்யூட்டரா என்று கேட்டிருப்பார்.

"இது யாருது?"

முத்தப்பன் என்னைப் பார்த்தான். பிறகு மூடியைப் பார்த்தான். "வீட்டுதுதான் பெரியப்பச்சி."

மூன்று குவியல் வைத்துச் சீட்டுக் குலுக்கினார்கள். அண்டா, விளக்கோடு எங்கள் பெட்டியும் பெரியப்பச்சிக்கு விழுந்தது. காருக்குத் தூக்கிக்கொண்டு போனதும் நான்தான்.

"பாத்துத் தம்பி, விளக்கு நசுங்கிறப் போவுது," என்றார்.

கார் போன பிறகு முத்தப்பனைப் பிடித்தேன். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லடா."

"என்னத்தச் சொல்ல? வெளியாளோட சேந்து வாங்குனேன்னா, பொது வீட்டுக்குள்ள அவனுக்கு வாடகைக்கு எடம் விட்டிருக்கான்னுவாக. என் பாகத்துலயே கை வைப்பாக. சீட்டு எனக்கே விழும்னு நெனச்சேன்."

வெளியாள். மூன்று வருஷம் அவன் வீட்டுச் சோற்றைத் தின்றிருக்கிறேன். மொபெட் போனதைவிட அந்தச் சொல்தான் வயிற்றெரிச்சலாக இருந்தது. வீட்டுக்கு வந்துவிட்டேன்.

கேபிளாவது மிஞ்சட்டும் என்று என் ஜன்னலில் நின்று இழுத்தேன். எங்காவது சிக்கும், முத்தப்பன் வந்து சிக்கை எடுத்துவிடுவான் என்று நினைத்தேன். எதிலும் சிக்கவில்லை. முப்பது மீட்டரும் சுவரேறி, ஒட்டடையை வாரிக்கொண்டு, இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது.