நூற்றுக்கு நூறு

காசு விஷயத்தில் தன்னை ஏமாற்ற இன்னும் ஒருவன் பிறக்கவில்லை என்பது கலந்தரின் கட்சி. கிழக்கிலங்கையின் கல்முனைச் சந்தையில் கத்தரிக்காய்க்கே அரை மணி நேரம் பேரம் பேசுகிற மனிதர். நாகூர் தர்காவுக்குப் போவதற்காக ஏறிய ராமேஸ்வரம் கப்பலில், காசு மாற்றும் மேசைக்கு முன்னால், ஒரு கையால் கம்பியையும் மறு கையால் காசு வைத்த இடுப்பு வாரையும் பிடித்துக்கொண்டு வாதாடினார். மேசைக்காரர் அசையவில்லை. கப்பல்தான் அசைந்தது.

"நம்மட நூறுக்கு இந்தியக் காசு அம்பதாம்," என்று முணுமுணுத்தபடி மனைவி சுஹறாவின் பக்கத்தில் வந்து குந்தினார். வாருக்குள் கைக்கடிகாரம் வாங்கவென்று ஒரு வருடமாகச் சேர்த்த நூறு ரூபாய் இருந்தது. "செலவுக்கு மாத்தினதே போதும். இத இந்த நட்டத்துக்கு மாத்தமாட்டன், நாகூர்க் கடையில கேட்டு மாத்துவன்."

அதைக் கேட்டதும் சுஹறா மடியைத் தொட்டுப் பார்த்தாள். அங்கே ஒரு பச்சைத் துணி முடிச்சு இருந்தது. அது பக்கத்து வீட்டுச் சரீபா கொடுத்தனுப்பிய நேர்ச்சைக் காசு. போன கார்த்திகையில் சூறாவளி ஊரைப் புரட்டியபோது சரீபாவின் மகன் மாவடிப்பள்ளிப் பக்கம் வயல்வாடிக் குடிசையில் அகப்பட்டுக்கொண்டான். உயிரோடு வந்தால் நாகூராருக்கு நூறு ரூபாய் என்று அவள் நேர்ந்தாள். மறுநாள் உடம்பெல்லாம் சேறாகப் பிள்ளை நடந்து வந்தான். அதன்பிறகு மூன்று மாதம் வீடு வீடாக அரிசி மா இடித்து அந்த நூற்றைச் சேர்த்தாள். ஒரு சதமும் குறையாமல் போடுவேன் என்று சுஹறா வாய் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

"மாத்தினாலும் பெறுமதி ஒண்டுதானேகா," என்றார் கலந்தர்.

"அந்தக் கதைய சரீபாட்டச் சொல்லுங்க. அவ நேர்ந்தது நூறு. அம்பதப் போட்டா அரைவாசிப் புள்ளைக்குத்தான் நேர்ச்ச."

"அப்ப நம்மட காசையே போடு."

"அங்க செல்லாத காச அவுலியாவுக்குப் போடுறதா?"

பக்கத்தில் ஒரு பெண் முக்காட்டை இழுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். காதை மூடவில்லை. நாகப்பட்டினத்துச் சுல்தான் பீவி. கொழும்பில் தம்பி வீட்டுக்கு வந்து திரும்புகிறவள். அவளும் மடியிலிருந்து ஒரு முடிச்சை எடுத்தாள்.

"எங்கிட்டயும் ஒன்னு இருக்கு தங்கச்சி. மகளுக்குப் பிரசவம் நல்லபடியா முடிஞ்சா, கல்முனை கடற்கரைப் பள்ளிவாசல்ல நாகூர் எஜமான் பேருக்கு நூறு ரூபா போடுறதா நேர்ந்தேன். பேத்தி பொறந்துட்டா. புயல்ல ரோடெல்லாம் போச்சுன்னு தம்பி என்னை அனுப்பல. வெக்கமா இருக்கு, கொண்டுவந்த இந்தியக் காசோட திரும்பிப் போறேன்."

சுஹறா இரண்டு முடிச்சுகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ராத்தா, ரெண்டும் ஒரே ஆளுக்குத்தானே? ஒங்கட நூற எனக்குத் தாங்க. சரீபாட பேரில நாகூரில போடுறன். சரீபாட நூற ஊருக்குக் கொண்டு போய், ஒங்கட பேரில கடற்கரைப் பள்ளியில போடுறன்."

 சுல்தான் பீவி வாய்விட்டுச் சிரித்து, முடிச்சை அவிழ்த்துத் தாளை நீட்டினாள்.

கலந்தரின் விரல்கள் தாமாகவே மடங்கி எண்ணின. "ராத்தா, ஒங்கட நூறு எங்கட இருநூறு. நீங்க நட்டப்படுறீங்க," என்றார். வாழ்நாளில் முதல் தடவையாக எதிர்ப்பக்கத்துக்காகப் பேசினார்.

"நூறுன்னுதான் தம்பி நேர்ந்தேன். நட்டம் பாக்க நான் என்ன வெங்காயமா விக்கிறேன்?"

அதன்பிறகு கரை தெரியும்வரை கலந்தர் வாரைத் தடவுவதும் விரல் மடக்குவதுமாக இருந்தார். 

நாகூரில் சரீபாவின் நேர்ச்சை முழுசாக உண்டியலில் விழுந்தது. கடைத்தெருவில் கலந்தர் ஒரு கடிகாரத்தைக் கட்டிப் பார்த்தார், காதில் வைத்துக் கேட்டார், கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தார். விலை கூட என்றார். அவர் எதற்குத்தான் அப்படிச் சொல்லவில்லை என்று சுஹறாவும் விட்டுவிட்டாள்.

ஊருக்கு வந்த மறுநாளே இருவரும் கடற்கரைப் பள்ளிக்குப் போனார்கள். சுல்தான் பீவியின் பேரைச் சொல்லிச் சுஹறா நூறு ரூபாயைப் போட்டாள். நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியது. திரும்பிப் பார்த்தால், கலந்தர் வாரைத் திறந்து தன்னுடைய நூறையும் எடுத்து, யாரும் காண்பதற்குள் உண்டியலுக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்.

"என்ன வேல இது?"

"அந்த ராத்தாட மிச்சம்."

"அவதான் நட்டமில்லெண்டு சொன்னாவே."

"அவ சொல்லுவா. சரீபாட மகன் முழுசா வந்தான். ராத்தாட பேத்தி மட்டும் அரைவாசியா?"

  வெளியே வந்ததும் சுஹறா, கடிகாரமில்லாத அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். சந்தியில் ஆக்கள் பாக்கிறாங்க என்று அவர் இரண்டு தரம் சொல்லியும் விடவில்லை.