இடது கை

கணவரின் இடது முழங்கைக்குக் கீழே மூன்று விரல்களை அழுத்தாமல் வைத்துப் பார்த்தாள். அதிர்வு இல்லை. கொஞ்சம் மேலே தொட்டாள். அங்கும் இல்லை.

சிறுநீரகம் பழுதான அவருக்கு டயாலிசிஸ் செய்வதற்காக அந்தக் கையில் ஒரு தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைத்திருந்தார்கள். தையல்காரியான அவளுக்கு அது உடனே புரிந்தது. இதயத்திலிருந்து வரும் ரத்தம் மெல்லிய குழாய்களில் புகுந்து வேகம் தணிந்துதான் சிரைக்கு வர வேண்டும். இங்கே வந்த வேகத்தில் நேராகப் பாய்கிறது. அதனால் சிரை கயிறாகப் புடைத்து, தொட்டால் விர்ரென்று அதிரும். அதிர்வு நின்றால் ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டது என்று அர்த்தம். தினமும் தொட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள்.

பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர் அவர். காலையில் கையை நீட்டி, "வண்டி ஸ்டார்ட்ல இருக்கா?" என்பார்.

"உங்கள மாதிரியே சும்மா உறுமிக்கிட்டு இருக்கு" என்பாள்.

இன்று அவர் கேட்கவில்லை. அசந்து தூங்குகிறார், எழுப்ப வேண்டாம் என்று நினைத்து டயாலிசிஸ் டெக்னீஷியனுக்குப் போன் செய்தாள்.

"தம்பி, கை அடைச்சுக்கிச்சு."

"பதறாதீங்கக்கா. சீக்கிரம் கூட்டிட்டு வந்தா சரி பண்ணிடலாம். அந்தக் கை மேல படுத்துட்டாரா?"

"படுக்க விடுவேனா? தூக்கத்துல புரண்டாக்கூட நான்தானே எடுத்து எடுத்து வைக்கிறேன்."

"அண்ணன்கிட்ட குடுங்க. விரல் மரத்திருக்கான்னு கேக்கறேன்."

போனை அவர் காதில் வைத்தாள். "அண்ணே... அண்ணே, கேக்குதா?" என்றது குரல். பிறகு நின்றது.

"அக்கா, நெஞ்சு மேல கை வச்சுப் பாருங்க."

வைக்கவில்லை. பார்த்தாள். போர்வை அசையாமல் கிடந்தது.

"நான் கையத்தான் பாத்தேன், தம்பி."

முழு மனிதரையும் விட்டுவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

வெயில் ஏறுவதற்குள் வீடு நிறைந்தது. மகள் வாங்கி வந்த வெள்ளைச் சட்டையை மருமகன் அவருக்குப் போட்டுவிடத் தொடங்கினான். வலது கை ஏறிவிட்டது. இடது கையின் புடைப்பில் துணி சிக்கியது.

"கொஞ்சம் இறுக்கி இழுத்தா போயிடும், அத்தை."

"இழுக்காதீங்க, மாப்ள. கழட்டிக் குடுங்க."

"இனிமே என்னம்மா..." என்று தொடங்கிய மகள் நிறுத்திக்கொண்டாள்.

அவள் சட்டையை மடியில் போட்டு, பிளேடு முனையால் இடது கையின் தையலை ஒவ்வொன்றாகப் பிரிக்கத் தொடங்கினாள். எல்லோரும் காத்திருந்தார்கள்.