பெண்களுக்குப் போட்ட நாற்காலிகள்

சிதம்பரத்தை அடுத்த அந்த ஊரின் சமுதாயக் கூடத்தில், குடிநீர் சுகாதாரக் குழுக் கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள்: மேசைக்குப் பின்னால் தலைவர் சபாபதி, அவருக்கு வலப்பக்கம் கடலூரிலிருந்து வந்த திட்ட அதிகாரியம்மா, இடப்பக்கம் டீக்கடை சிங்காரம். எதிரே பெண் உறுப்பினர்களுக்கென்று போட்ட மூன்று நீல நாற்காலிகள் காலி. செயலாளர் சந்திரலேகா, செல்லாயி, ஞானாம்பாள் மூவரும் கதவோரம் பாயில்.

மூவருக்குமே சபாபதி, புருஷனின் அண்ணன் முறை. அவர் எதிரில் அவர்கள் நாற்காலியில் உட்காருவதுமில்லை, வாய் திறப்பதுமில்லை. குழுவில் பெண்களும் வேண்டும் என்று விதி வந்தபோது, பங்காளி வீட்டு மருமகள்களாகப் பார்த்துத்தான் அவர் பெயர் கொடுத்திருந்தார்.

பெண்கள் கழிப்பறை எங்கே என்பதுதான் பேச்சு. டீக்கடைக்கு நேர் எதிரே, சாலையைப் பார்த்த வாசலோடு என்றார் சபாபதி. விடிந்தால் ஆண்கள் மொய்க்கிற இடம். அங்கே எவள் வாளியோடு நுழைவாள்? சந்திரலேகாவின் மகள் இப்போதே பகலெல்லாம் அடக்கிக்கொண்டு, வாய்க்கால் ஓரத்துக் கருவைப் புதருக்குப் போக இருட்டுக்குக் காத்திருக்கிறவள்.

அதிகாரியம்மா பாயைப் பார்த்துக் கருத்துக் கேட்டாள். பாய் பேசவில்லை. தீர்மானம் நிறைவேறியது.

பிறகு போட்டோ. பெண்கள் தரையில் இருந்தால் ஆபீசில் ஏற்கமாட்டார்களாம். சபாபதி முகம் சுளிக்காமல் எழுந்தார். "நான் வெளில நிக்கிறேம்மா. அவுங்க கூச்சப்படாம உக்காரட்டும்." சிங்காரமும் பீடிக்காகக் கூடவே போனார்.

மூவரும் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். அதிகாரியம்மா படம் பிடிக்கும்போதே செல்லாயிக்கு வாய் வந்துவிட்டது.

"மேடம், டீக்கடை வாசல்ல கட்டினா நாங்க எப்பிடிப் போறது? யாரு எம்மாம் நேரம் உள்ள இருந்தான்னு டீ குடிக்கிறவன் கணக்கெடுப்பான். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால கட்டச் சொல்லுங்க."

"நியாயந்தான். அவரு வந்ததும் இதையே சொல்லுங்க, மாத்தி எழுதிடலாம். நானா மாத்தினா மேலேருந்து திணிச்சதா ஆயிடும்."

சபாபதி வாசலில் கால் வைத்தார். மூவரும் எழுந்துவிட்டார்கள். ஏதோ சொல்ல வேண்டுமாம் என்றாள் அதிகாரியம்மா.

"சொல்லும்மா," என்றார் அவர், பரிவோடுதான்.

செல்லாயி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். சந்திரலேகா தொண்டையைச் செருமினாள். ஞானாம்பாள் குனிந்து பாயைச் சுருட்ட ஆரம்பித்தாள்.

போட்டோ கழுவி வந்தது. அதோடு கடலூர் ஆபீசுக்குக் கடிதம் அனுப்புவது செயலாளர் வேலை. கீழே கையெழுத்து சபாபதியுடையது. ‘இடம் குறித்துப் பெண்களுக்கு மனக்குறை உண்டு’ என்று சந்திரலேகா எழுதினாள். புருஷன் செந்தமிழ்செல்வன் எட்டிப் படித்தான்.

"இதுல அண்ணன் கையெழுத்துப் போடுவாரா? திட்டம் திரும்பிப் போச்சின்னா ஊரு உன்னத்தான் கேக்கும்."

வேறு தாள் எடுத்தாள். ‘பெண் உறுப்பினர்கள் மறுப்பு எதுவும் சொல்லவில்லை.’ அதில் பொய் இல்லை. சபாபதி, எழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று மெச்சிவிட்டுக் கீழே தன் பெயரைப் போட்டார்.

போட்டோவில் மூவரும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். செல்லாயியின் வாய் பாதி திறந்திருந்தது. அதையும் உள்ளே வைத்து, சோற்றுப் பருக்கை தேய்த்து உறையை ஒட்டினாள்.

"இருட்டிடுச்சிம்மா, போலாமா?" மகள் வாளியோடு வாசலில் நின்றாள்.

செந்தமிழ்செல்வன் உறையை வாங்கிச் சட்டைப்பையில் செருகி, தபால்பெட்டிப் பக்கம் சைக்கிளைத் திருப்பினான்.