கிருமிகள் இல்லாத செவ்வாய்க்கிழமை

ராஜபாளையத்தில் கிருமிகளின் ஆட்சி செவ்வாய்க்கிழமை மாலையோடு முடிவுக்கு வந்தது. முடித்துவைத்தவன் சமுத்திரம். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கல்லூரியில் நுண்ணுயிரியல் முதலாண்டு. பாடப்புத்தகத்தில் நோய்க்கிருமிகள் பற்றிய முதல் பாடத்தை முழுமையாகப் படித்தவன். இரண்டாம் பாடத்துக்கு இன்னும் பரீட்சை வைக்கவில்லை.

போர்க்களம், அவன் அக்கா மாரீஸ்வரியின் அடுப்படி. நூல் மில் வேலையை விட்டுவிட்டுத் தயிர் வியாபாரம் தொடங்கியிருந்தாள். முதல் ஆர்டர் தம்பியின் கல்லூரி விடுதிக்கு, புதன்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு. பிடித்தால் தினமும் எடுப்பார்கள். பிடிக்காவிட்டால் மறுபடியும் மில்தான்.

பாலைக் காய்ச்சி ஆறவைத்துவிட்டு, பக்கத்து வீட்டுப் பிரிஸ்கில்லாவிடம் ஒரு கிண்ணம் உறைமோர் வாங்கி வந்தாள்.

"வீடு வீடாப் போயி கிருமிப் பிச்சை எடுக்கியேக்கா."

"ஏலே, அது உறைமோரு."

"அதுல எத்தனை கோடிப் பேரு குடியிருக்கானுவ தெரியுமா?"

"இருந்துட்டுப் போறானுவ, வாடகையா கேக்கப் போறேன்? பானையில ஊத்தி மூடி வை. கடைக்குப் போயிட்டு வாரேன்."

சமுத்திரம் விடுமுறைகளில் பேண்டேஜ் கம்பெனியில், துணிச்சுருள்களை நீராவியில் வைத்துக் கிருமி நீக்கும் பிரிவில் வேலை பார்ப்பவன். அந்த முறைப்படியே பானைகளைக் கொதிநீரில் கழுவினான். மூடுகிற துணியை அவித்தான். யாருக்கும் சலுகை கூடாது என்பதால் உறைமோரையும் கொதிக்கவைத்தான். அது திரிந்தது. வடிகட்டி, ஆற்றி, பாலில் ஊற்றினான்.

காலையில் மாரீஸ்வரி துணியை விலக்கினாள். பால் கெடவில்லை. தயிராகவும் ஆகவில்லை. எந்தக் கொள்கையும் இல்லாமல் அலம்பிக்கொண்டிருந்தது.

"உறை ஊத்துனியாலே?"

"ஊத்துனேன். நல்லாக் கொதிக்க வச்சு…"

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "சாயங்காலம் வேன் வந்துரும்லே."

"புஸ்தகத்துல…"

"அதைக் கரைச்சு ஊத்து. உறையுதான்னு பாப்போம்."

சமுத்திரம் இரண்டாம் பாடத்தைத் திறந்தான். பாலின் சர்க்கரையைத் தின்று புளிப்பாக்கி, அதைத் தயிராக உறையவைப்பவை பாக்டீரியாக்கள். குடலில் இருந்துகொண்டு சாப்பாடு செரிக்க உதவுகிறவையும் உண்டு. மனித உடம்பில் இருக்கும் செல்களில் ஏறக்குறைய பாதி நுண்ணுயிரிகளுடையவை. அதாவது, நேற்றுப் போர் தொடுத்தவன் உடம்பிலேயே பாதி எதிரணி.

புத்தகத்தை மூடினான். பாலை வெதுவெதுப்பாகச் சூடாக்கினான். பிறகு ஒரு டம்ளரோடு பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்றான்.

"என்ன தம்பி, காலையிலயே?" என்றாள் பிரிஸ்கில்லா.

"கொஞ்சம் உறைமோரு வேணும்க்கா."

"நேத்து நீ பேசுனது இங்கன வரைக்கும் கேட்டுச்சே. அடிக்கிற வெயிலுக்கு சாயங்காலத்துக்குள்ள உறைஞ்சிரும். எம்புட்டு வேணும்?"

டம்ளரை இரண்டு கையாலும் நீட்டினான்.

"இருக்கிற அம்புட்டுப் பேரையும் அனுப்புங்கக்கா."